ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல ஆதரவு: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மனநல ஆதரவை ஆரம்ப சுகாதார நிலையங்களோடு இணைக்க வேண்டும் என்பது 1982 முதல் இந்திய அரசின் கொள்கையாக இருந்துவருகிறது. ஆயினும் மனநல உதவி தேவைப்படுவோருள் பெரும்பாலோர்க்கு அது இன்னும் கிட்டவில்லை. நீண்டகாலச் சிகிச்சை தேவைப்படும் மற்றொரு நோயான காசநோய், தனி மருத்துவமனையிலிருந்து நோயாளியின் வீட்டிற்கும் அருகிலுள்ள சுகாதார நிலையத்திற்கும் முன்னரே இடம்பெயர்ந்துவிட்டது. தாம்பரம் சானட்டோரியத்தின் வரலாறு அம்மாற்றத்தின் சான்றாகும். இவ்விரு வரலாறுகளையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. காசநோய்க்குச் சளிப் பரிசோதனை ஆற்றிய பணியை மனநலத்தில் கேள்வியே ஆற்ற வேண்டியுள்ளது. எனவே பேச்சுத் தமிழில் அமைந்த கேள்வி, அதைக் கேட்பதற்கான ஆள், கேட்டபின் தொடரும் உதவி ஆகிய மூன்றுமே இவ்விணைப்பின் அடிப்படைகள் என இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மனநலம், ஆரம்ப சுகாதார நிலையம், தாம்பரம் சானட்டோரியம், மாவட்ட மனநலத் திட்டம், பேச்சுத் தமிழ், மனச்சோர்வு.

முன்னுரை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர்வண்டித் தடத்தில், குரோம்பேட்டையை அடுத்து வரும் நிலையம் தாம்பரம் சானட்டோரியம். நாள்தோறும் அந்நிலையத்தைக் கடப்போர்க்கு அது ஓர் ஊர்ப்பெயர் மட்டுமே. ஒரு காலத்தில் அச்சொல் வீட்டையும் ஊரையும் விட்டு நீண்ட காலம் தங்க வேண்டிய நோயைக் குறித்தது. கீழ்ப்பாக்கம் என்னும் சொல்லின் நிலை வேறு. அங்கு மனநல மருத்துவமனை அமைந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்தபின்னும் சென்னைப் பேச்சு வழக்கில் அவ்வூர்ப்பெயர் ஏளனச் சொல்லாகவே வழங்குகிறது.

ஒரு சொல் அச்சத்தை இழந்ததற்கும் மற்றொன்று இழக்காமைக்கும் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் ஒன்று இங்கு ஆய்வுக்குரியது. காசநோய்க்கான சிகிச்சை மக்கள் வாழும் தெருவிற்கு வந்து சேர்ந்தது; மனநோய்க்கான சிகிச்சை அவ்வாறு முழுமையாக வந்து சேரவில்லை. சென்னையின் தென்புறநகரை, குறிப்பாகத் தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து இவ்வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. காசநோய் காட்டிய வழி

தாம்பரத்தில் காசநோயாளர்க்கான சானட்டோரியத்தை மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் நிறுவினார். 1937-இல் அதனை அரசு ஏற்றது. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவையே அக்காலத்தில் காசநோய்க்கான முதன்மைச் சிகிச்சை. ஆதலால் நோயாளி தம் குடும்பத்தைவிட்டு நீங்கியிருப்பது தவிர்க்க இயலாததாகக் கருதப்பட்டது.

இக்கருத்தை மாற்றிய ஆய்வு சென்னையிலேயே நிகழ்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து 1956-இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையத்தைத் தொடங்கின. ஒரே வகை மருந்துகளை ஓராண்டு உட்கொண்ட இரு பிரிவினரை அம்மையம் ஒப்பிட்டது. ஒரு பிரிவினர் சானட்டோரியத்தில் தங்கினர். மற்றவர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே இருந்தனர். வீட்டிலிருந்தோர்க்கு உணவும் ஓய்வும் குறைவு. எனினும் அவர்கள் குணமடைந்த அளவு சானட்டோரியத்தில் இருந்தோரின் அளவை ஒத்திருந்தது. 1959-இல் வெளியான இம்முடிவு, காசநோயாளியை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தலாம் என்னும் கொள்கைக்கு உலகெங்கும் அடித்தளமாயிற்று.

தாம்பரம் மருத்துவமனை பின்னர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்தது. 1993 முதல் எச்.ஐ.வி. தொற்றுடையோரையும் அது ஏற்றுச் சிகிச்சையளித்தது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது முதற்கட்ட மையங்களுள் ஒன்றாக அது அமைந்தது. நோயோடு சமூக விலக்கையும் சுமந்து வந்தோரை நீண்டகாலம் தொடர்ந்து பேணிய அனுபவம் இவ்வட்டாரத்திற்கு உண்டு என்பது இங்கு நினைக்கத்தக்கது.

காசநோய்க்கும் மனநலத்திற்கும் நேரடித் தொடர்பும் உள்ளது. 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் இப்ரோனியசிட் என்னும் காசநோய் மருந்தைப் பெற்றவர்களிடம் எதிர்பாராத மன உற்சாகம் காணப்பட்டது. அம்மருந்தே பின்னர் மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளுள் ஒன்றாயிற்று. இதற்கு மாறாக, மருந்துகளை எதிர்க்கும் காசநோய்க்குத் தரப்படும் சைக்ளோசெரின் சிலரிடம் மனக்குழப்பத்தையும் மனச்சோர்வையும் விளைவிக்கக்கூடும். மனச்சோர்வுற்ற நோயாளி மருந்தை இடையில் நிறுத்திவிடும் வாய்ப்பும் மிகுதி. நெஞ்சக நோய்ச் சிகிச்சையின் வெற்றிக்கே மனநல ஆதரவு தேவை என்பதை இவை உணர்த்துகின்றன.

2. கீழ்ப்பாக்கம் முதல் மாவட்டத் திட்டம் வரை

சென்னையில் மனநோயாளர்க்கான காப்பகம் 1794-இல் தொடங்கப்பெற்று, 1871-இல் கீழ்ப்பாக்கத்திற்கு இடம்பெயர்ந்தது. அடைத்துவைத்துக் காப்பதே அதன் தொடக்ககால நோக்கம். பிற்காலத்தில் அங்குக் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய மருத்துவர் சாரதா மேனன், 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். மருத்துவமனைச் சுவருக்கு வெளியே நோயாளிக்கும் குடும்பத்திற்கும் துணைநிற்க வேண்டும் என்னும் எண்ணம் இத்தகைய முயற்சிகளால் வலுப்பெற்றது.

தேசிய அளவில் 1982-இல் தேசிய மனநலத் திட்டம் உருவாயிற்று. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களும் பணியாளர்களும் மனநோய்களை இனங்கண்டு அடிப்படைச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் அக்கருத்து செயல்படுத்திப் பார்க்கப்பட்டது. அவ்வனுபவத்தின் அடிப்படையில் 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் இதில் முதலில் இடம்பெற்றது.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். சிகிச்சை அருகில் கிடைக்காத குடும்பங்கள் நோயுற்றோரை எங்குக் கொண்டுசெல்ல நேர்கிறது என்பதை நாடு அப்போது கண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 18-ஆம் பிரிவு மனநலச் சேவை பெறுவதை ஒவ்வொருவர்க்கும் உரிய உரிமையாக்குகிறது. எல்லா நிலைகளிலும் அதனைப் பொது மருத்துவத்தோடு இணைக்குமாறு அரசைப் பணிக்கிறது.

சட்டத்திற்கும் நடைமுறைக்கும் இடையேயுள்ள தொலைவைத் தேசிய மனநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் அதனை மேற்கொண்டது. வயது வந்தோருள் ஏறத்தாழ 10.6 விழுக்காட்டினர்க்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருந்தது. சிகிச்சை பெறாதோரின் விகிதம் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை வேறுபட்டது. சென்னை நகரில் 25,455 பேரிடம் நடத்தப்பெற்று 2009-இல் வெளியான மற்றோர் ஆய்வு, 15.1 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வுக்கான அறிகுறிகளைக் கண்டறிந்தது.

3. உடலின் மொழியில் வரும் துயரம்

காசநோய் ஒழிப்பு ஊர்தோறும் பரவுவதற்குச் சளிப் பரிசோதனை பெருந்துணை புரிந்தது. சளி மாதிரியை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தால் நோய்க்கிருமி தெரியும். இதைச் செய்யச் சிறப்பு மருத்துவர் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஆய்வகப் பணியாளர் போதும். மனச்சோர்வுக்கோ மனப்பதற்றத்திற்கோ அத்தகைய மாதிரி எதுவும் இல்லை. நோயாளி சொல்வதும், மருத்துவப் பணியாளர் கேட்பதும், இருவரும் ஒரே பொருளைப் புரிந்துகொள்வதுமே அங்குப் பரிசோதனை.

இதிலுள்ள முதல் இடர்ப்பாடு, துயரம் உடலின் மொழியில் வருவதாகும். 'நெஞ்சு படபடன்னு அடிக்குது', 'தலை பாரமா இருக்கு', 'கை கால் எல்லாம் அசதி', 'ராத்திரி தூக்கமே வரல', 'வயிறு எரியுது' போன்ற தொடர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளர் பிரிவில் அன்றாடம் ஒலிப்பவை. இவற்றுள் எது இரத்தச் சோகை, எது தைராய்டுக் குறைபாடு, எது சர்க்கரை நோய், எது மனச்சோர்வு என்பதைச் சொல்லைக்கொண்டு மட்டும் பிரித்தறிய இயலாது. கூட்டம் மிகுந்த காலைப்பொழுதில் வலிநிவாரணியும் சத்து மாத்திரையும் தந்து அனுப்பிவிடுவது எளிது. சில நாள்களில் அதே நோயாளி அதே குறையோடு திரும்பி வருவார். அல்லது வேறொரு மருத்துவமனையை நாடுவார்.

உணர்வு உடலில் வெளிப்படும் என்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை முதலிய எட்டினை வகுத்து, அகத்தில் நிகழ்வது மெய்யில் புலப்படுவதைப் பேசுகிறது. அது கவிதையியல் நூலேயன்றி மருத்துவ நூலன்று. எனினும் உடலையும் உள்ளத்தையும் ஒருசேரப் பேசும் வழக்கை அறியாமை என ஒதுக்குவது பொருந்தாது என்பதற்கு அது சான்றாகும். சித்த மருத்துவமும் மனநோய்களைக் கிரிகை என்னும் பெயரால் 18 வகைப்படுத்துகிறது. 2005-இல் தாம்பரம் சானட்டோரியத்தில் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை நாடி வருவோருள்ளும் உடற்குறையாக மனத்துயரைச் சொல்வோர் இருப்பர். எனவே இவ்விணைப்பில் சித்த மருத்துவரையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

4. கேள்வியே கருவி

மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் வழங்கும் கருவிகளுள் ஒன்று, பி.எச்.க்யூ.-9 எனப்படும் ஒன்பது கேள்விகள் கொண்ட வினாநிரல். கடந்த இரு வாரங்களில் ஒவ்வோர் அறிகுறியும் எத்தனை நாள்கள் இருந்தன என அது கேட்கிறது. இதன் தமிழ் வடிவங்கள் பயன்பாட்டில் உள்ளன. மேற்குறித்த சென்னை ஆய்வும் இதே குடும்பத்தைச் சேர்ந்த, 12 கேள்விகளாக மாற்றியமைக்கப்பட்ட வினாநிரலைக் கையாண்டது.

வினாநிரலைத் தமிழாக்குவதில் உள்ள சிக்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் காணலாம். அதன் இரண்டாம் கேள்வி மனம் தளர்ந்திருப்பதைப் பற்றியது; நான்காம் கேள்வி உடற்களைப்பைப் பற்றியது. முன்னதற்கு 'மனச்சோர்வு' என்றும் பின்னதற்குச் 'சோர்வு' என்றும் எழுதினால் ஏட்டுத் தமிழில் பிழையில்லை. ஆனால் செவிவழியாக இவற்றைக் கேட்கும் முதியவர்க்கு இரண்டும் ஒரே கேள்வியாகத் தோன்றக்கூடும். 'மனசு கஷ்டமா, எதுலயும் பிடிப்பில்லாம இருக்கா?' என்பதும், 'உடம்புல தெம்பில்லாம, சீக்கிரம் அசந்து போகுதா?' என்பதும் தெளிவாக வேறுபடுகின்றன. மதிப்பெண்ணைக் கூட்டி முடிவுசெய்யும் கருவியில் இவ்வேறுபாடு மருத்துவ விளைவுடையது.

ஒன்பதாம் கேள்வி இன்னும் நுட்பமானது. உயிரை விட்டுவிடலாம் என்னும் எண்ணம் உண்டா என அது கேட்கிறது. 'இருந்து என்ன பண்ணப் போறேன்', 'போய்ச் சேர்ந்துட்டா நிம்மதி' என்பவை முதியோர் பேச்சில் வழக்கமாக வருபவை. இவற்றைச் சொல்வோர் அனைவரும் தற்கொலை எண்ணம் உடையவர் அல்லர். ஆனால் அவ்வெண்ணம் உடையவரும் இதே தொடர்களைத்தான் சொல்வார். ஆதலால் பணியாளர் அதனை வெறும் பேச்சாகக் கடந்துவிடாமல், 'உங்களை நீங்களே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணியிருக்கா?' என நேராகக் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பதால் அவ்வெண்ணம் தூண்டப்படும் என்னும் அச்சத்திற்கு ஆய்வுச் சான்றில்லை.

மொழியை அடிப்படையாக்கி வெற்றி கண்ட முன்னோடி ஜிம்பாப்வேயில் உண்டு. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா அங்கு உருவாக்கிய நட்பு இருக்கைத் திட்டம், மேலைமருத்துவத்தின் 'மனச்சோர்வு' என்னும் சொல்லைத் தொடக்கமாகக் கொள்ளவில்லை. 'அளவுக்கு மீறி எண்ணுதல்' எனப் பொருள்படும் குஃபுங்கிசிசா என்னும் ஷோனா மொழிச் சொல்லிலிருந்து அது தொடங்குகிறது. சுகாதார நிலைய வளாகத்தில் இடப்பட்ட மர இருக்கையில், பயிற்சி பெற்ற மூத்த பெண்கள் நோயாளியோடு அமர்ந்து பேசுவர். 2016-இல் வெளியான ஆய்வு அம்முறையின் பயனை உறுதிசெய்தது.

5. கேட்பவர் யார்?

மனநல மருத்துவரை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அமர்த்துவது நடைமுறையில் இயலாதது. மருத்துவரல்லாத பணியாளர் இப்பொறுப்பை ஏற்கலாம் என்பதற்கு இந்திய ஆய்வுகள் சான்றளிக்கின்றன. கோவாவில் நிகழ்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றினர். அரசு நிலையங்களில் அவர்களின் துணை பெற்றோருள் 65.9 விழுக்காட்டினர் ஆறு திங்களில் நலமடைந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோருள் இது 42.5 விழுக்காடு. தனியார் மருத்துவரிடம் சென்றோரிடையே இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

மனச்சிதைவு போன்ற கடுமையான நோய்க்கும் இவ்வழி ஓரளவு பயனுடையது. ஸ்கார்ஃப் நிறுவனமும் பங்கேற்று 2014-இல் வெளியான ஆய்வில், தமிழ்நாடு, கோவா, மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்த 282 பேர் இடம்பெற்றனர். மருத்துவமனைச் சிகிச்சையோடு சமூகப் பணியாளரின் வீட்டுவருகையும் கிடைத்தோரிடம் கூடுதல் முன்னேற்றம் தென்பட்டது. அது மிதமானதே, ஆனால் தமிழ்நாட்டின் ஊரகக் களத்தில் தெளிவாக வெளிப்பட்டது. நீரிழிவும் மனச்சோர்வும் ஒருங்கே உடைய 404 பேரிடம், சென்னை உள்ளிட்ட நான்கு இடங்களில் நிகழ்ந்து 2020-இல் வெளியான ஆய்வும், இரண்டையும் இணைத்துக் கவனிப்பது இரண்டிற்கும் நல்லது எனக் காட்டியது.

இம்முறைக்குத் தென்புறநகரில் பழைய வேர் உண்டு. 1958-இல் மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி சென்னையில் தொடங்கிய தன்னார்வச் சுகாதாரச் சேவை நிறுவனம், செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் சிறு சுகாதார மையங்களை அமைத்து உள்ளூர்ப் பணியாளர்களைக் கொண்டு நடத்தியது. இன்று அவ்விடத்தில் இருப்போர் கிராம சுகாதாரச் செவிலியரும், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்களும் ஆவர். இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் மருந்துடன் வீடு தேடிச் செல்லும் இவர்களே, மேலும் இரு கேள்விகளைக் கேட்பதற்கு ஏற்ற இடத்தில் இருப்பவர்கள்.

6. தாம்பரம் வட்டாரத்தில் செய்யத்தக்கவை

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. பழைய குடியிருப்புகள், புதிய அடுக்ககங்கள், வாடகை அறைகளில் தங்கும் வெளிமாநிலத் தொழிலாளர் எனப் பலதிறத்தார் இங்கு வாழ்கின்றனர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. கிழக்கே செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் அடுக்ககங்களில், சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் மறுகுடியமர்த்தப்பட்டுள்ளன. இச்சூழலில் பின்வருவன கருதத்தக்கவை.

முதலாவது, கேள்விகளைத் தொற்றா நோய்ப் பிரிவிலிருந்தும் காசநோய்ப் பிரிவிலிருந்தும் தொடங்குதல். மாதந்தோறும் மருந்துக்கு வருவோரிடம் வினாநிரலின் முதலிரு கேள்விகளை மட்டும் பேச்சுத் தமிழில் கேட்கலாம். 'ஆம்' என்போரிடம் மட்டும் எஞ்சியவற்றைக் கேட்டால் போதும். இதற்கெனத் தனி வரிசையோ தனிப் பலகையோ தேவைப்படாமையால், 'மனநோயாளி' எனப் பிறர் சுட்டும் அச்சமும் குறையும்.

இரண்டாவது, தனிமை. மாமியார் அருகிருக்க மருமகளிடமும், பிள்ளைகள் அருகிருக்க முதியவரிடமும் இக்கேள்விகளைக் கேட்டுப் பயனில்லை. வீட்டுவருகையில் தனித்துப் பேச வழியில்லையெனில், நிலையத்திற்கு வரச்சொல்லிக் கேட்பதே முறை.

மூன்றாவது, தொடர்ச்சி. கேட்டபின் உதவி இல்லையெனில் கேள்வி நம்பிக்கையைக் கெடுக்கும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வருகைதரும் நாள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மேல்மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர் பற்றிய குறிப்பு மீண்டும் அனுப்பிய நிலையத்திற்கு வர வேண்டும். அங்குத் தொடங்கிய மருந்து இங்குத் தடையின்றிக் கிடைக்க வேண்டும். 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்து வழங்கல் அமைப்பு இதற்கு வாய்ப்பளிக்கிறது. 2022 அக்டோபர் முதல் செயல்படும் 14416 என்னும் தொலைபேசி ஆலோசனை எண், நிலையம் மூடியிருக்கும் நேரத்திற்குத் துணையாகும்.

நான்காவது, பணிச்சுமை. தன்னார்வலரிடம் ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய பணியைச் சேர்த்துக்கொண்டே போனால் எல்லாப் பணியும் பெயரளவிற்கு நிகழும். பயிற்சியும், கூடுதல் ஊதியமும், கேட்ட துயரங்களை அவர்கள் மூத்த பணியாளரிடம் பகிர்ந்துகொள்ளும் வாய்ப்பும் இதனோடு சேர்ந்தே அமைய வேண்டும்.

இறுதியாக ஒரு வரம்பைச் சுட்டுதல் வேண்டும். வேலைக்குச் செல்லும் தொலைவு பன்மடங்காகிப் பிழைப்பை இழந்த ஒரு பெரும்பாக்கத்துப் பெண்ணுக்குத் தூக்கம் வராமை நோய் மட்டும் அன்று. மருந்து அவருக்குத் தூக்கத்தைத் தரலாம், வேலையைத் தராது. மருத்துவத்திற்கு உரியதையும் வீடு, வேலை, போக்குவரத்து ஆகியவற்றிற்கு உரியதையும் பிரித்தறிந்து உரிய அலுவலகத்திற்கு அனுப்பும் சமூகப் பணியாளர் இல்லையெனில், இணைப்பு என்பது வறுமைக்கு மாத்திரை தருவதாகச் சுருங்கிவிடும்.

முடிவுரை

காசநோய் மருத்துவம் சானட்டோரியத்தைவிட்டு வீட்டிற்கு வருவதற்கு மருந்தும், எளிய பரிசோதனையும், நோயாளியைத் தொடர்ந்து பார்க்கும் பணியாளரும் துணைநின்றனர். மனநல மருத்துவத்திலும் மருந்துகள் உள்ளன. வீடு தேடிச் செல்லும் பணியாளர்களும் உள்ளனர். எளிய பரிசோதனையின் இடத்தில் இருப்பது மொழி. எனவே மக்கள் தம் துயரைச் சொல்லும் தொடர்களை வட்டாரவாரியாகத் தொகுப்பதும், வினாநிரல்களைப் பேச்சுத் தமிழில் செப்பமாக்கிச் சோதிப்பதும் மருத்துவத் துறையின் பணி மட்டும் அன்று. வட்டார வழக்கும் மொழிபெயர்ப்பும் பயின்ற தமிழ்த்துறை ஆய்வாளர்கள் மருத்துவர்களோடு இணைந்து செய்ய வேண்டிய பணி அது. மனநலச் சிகிச்சை ஒவ்வொரு தெருவிற்கும் வந்து சேருமானால், கீழ்ப்பாக்கமும் ஒருநாள் சானட்டோரியத்தைப் போல் அச்சமின்றிச் சொல்லப்படும் ஊர்ப்பெயராகலாம்.